சரிபார்க்கப்பட்ட சிபாரிசு

ஸ்ப்ரூஸ் பாயிண்ட், மினசோட்டா
பிப்ரவரி 4, செவ்வாய்

'ஏரி மாவட்டம்' மாத இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய கிளார்க் எல்லிங்சன் அவர்களுக்கு,

தங்கள் இதழில் ஆறு வருடங்களில் பதினொரு கட்டுரைகள் எழுதியவளும், பன்னிரண்டாவதை எழுதுவதில்லை என்று இன்று காலை முடிவெடுத்தவளுமாகிய மார்லா நூட்சன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மனைவியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். முழங்கால் வலி தேவலையா? உறைந்த ஏரியில் துளை போட்டு, மூன்று நாள் முக்காலியில் உட்கார்ந்து மீன் பிடிக்க முடிகிறதென்றால் தேவலையாகத்தான் இருக்க வேண்டும். மகிழ்ச்சி. என் விஷயம் அப்படியில்லை.

டிசம்பரில் உங்கள் அறைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தபின், நாற்பத்து நான்காவது வயதில், இதழியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன் என்று உங்களிடம்தான் முதலில் சொன்னேன். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இடம் கிடைக்காமல் போனால் ஊரில் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொல்வார்கள். அதைத் தாங்க என்னால் ஆகாது. ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நீயே எழுதிக் கொண்டா மார்லா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. கூச்சப்படாம நல்லா அளந்து விடு!"

கூச்சப்படாமலாம். எங்கள் வீட்டில் சமையல் பிரமாதமாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள். அதைவிடப் பிரமாதமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். என் அப்பா என்னைப் பாராட்டியது ஒரே தடவை. முதன்முதலாகக் காரைப் பின்பக்கமாக ஓட்டிக் கொட்டகைக்குள் நிறுத்தியபோது, "சுவர் இன்னும் நிக்குது" என்றார். அந்த வீட்டில் வளர்ந்தவள் தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுத வேண்டும், அதுவும் இன்னொருவர் குரலில்! நான்கு நாள் ஆனது. எழுதி, வெட்கப்பட்டு, அடித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் மிஞ்சியது ஒரு பக்கம். அதில் பெரிய வார்த்தைகள் இருந்தவை மூன்று வாக்கியங்கள்தான். 'இருபத்திரண்டு வருட ஆசிரியர் அனுபவத்தில் இப்படி ஒருவரை நான் கண்டதில்லை.' 'மீன்பிடிக் குடில்களைப் பற்றிய இவரது கட்டுரை மாவட்டத்தையே உலுக்கியது.' 'ஒருமுறைகூடக் காலக்கெடுவைத் தவறவிட்டதில்லை.' பேராசையா இது? மற்ற விண்ணப்பதாரர்களின் கடிதங்களில் பூகம்பமே வந்திருக்கும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். சரி. போட்ட தாளை உறையில் வைத்து ஒட்டியிருக்கலாம் அல்லவா? மேசைமேல் இருந்த மஞ்சள் தட்டில் வைத்துவிட்டு, தொலைபேசியையும் அணைத்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டீர்கள். மஞ்சள் தட்டில் விழும் எதுவும் வில்மா ஸ்டாக்கின் மேசைக்குப் போகும், தகவல் சரிபார்க்காமல் உங்கள் பெயரில் ஒரு வரி வெளியே போகாது என்று விதி போட்டது யார்? நீங்கள்தான். 'ஏரி நீலமாக இருந்தது' என்று எழுதினால், அன்றைக்கு மேகமூட்டமா என்று வானிலை அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்கிற அம்மாள் அவர். அவரிடம் போயா ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் கொடுப்பது? கோழியைக் குளிப்பாட்டி நரியிடம் கொடுத்த மாதிரி!

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரித் தொலைபேசி அடித்தது. எடுக்கிற வேலை என்னுடையது, எடுத்தேன். "நான் வில்மா. டாக்டர் ப்ரூயிட் இருக்காரா?" என்றார். என்ன விஷயம் என்றேன். "நீ பேசக்கூடாது மார்லா. உன்னைப் பத்தி நீயே சாட்சி சொன்னா செல்லாது. டாக்டரைக் கூப்பிடு."

டாக்டரின் இரண்டு கையும் திருமதி ஹோக்கின் வாய்க்குள் இருந்தன. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். என் விதியை என் விரலாலேயே அழுத்தினேன்.

"டாக்டர், மார்லா நூட்சன் உங்ககிட்ட வாரத்துக்கு நாப்பது மணி நேரம் வேலை பாக்குறாங்களா?"

"ஆமா. ஏன்?"

"கல்லூரி விண்ணப்பத்துக்கு. செப்டம்பர்ல சேரணும்னு இருக்காங்களே."

"எந்த செப்டம்பர்?"

"வர்றதுதான்."

டாக்டர் முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார். "முப்பத்தெட்டுன்னு எழுதிக்கோங்க," என்றார். "வாசிக்கிறேன்னு உட்கார்ந்திருக்கிற நேரத்தைக் கழிச்சா."

வாய் திறந்தபடி கிடந்த திருமதி ஹோக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. மரத்துப்போன கன்னம் மதியம் சரியானதும் மொத்த ஊருக்கும் சொல்லிவிட்டார். சாயந்தரம் கடையில் பால் எடுக்கப் போனால், அறிமுகமே இல்லாத ஒருவர், "இந்த வயசுல தைரியம்தாங்க" என்று என் தோளைத் தட்டுகிறார். அந்த ஆறுதல் இடம் கிடைக்காமல் போவதற்கு முன்பே வந்துவிட்டது பாருங்கள்!

வீட்டுக்கு வந்தால் கணவன் கர்ட் பனி தள்ளும் வண்டியை விட்டு இறங்கி, வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

"வில்மான்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க. உனக்கு எழுத்துல தீராத ஈடுபாடு உண்டான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"பாத்திரம் கழுவுறதுல இல்லை, அதனால வேற எதுலயாவது இருக்கணும்னு சொன்னேன்." இன்னும் கொஞ்சம் பூட்ஸைத் தட்டினான். "எப்போ சொல்றதா இருந்தே?"

"கிடைச்சப்புறம்."

"கிடைக்கலைன்னா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்போ இந்த இருபத்தோரு வருஷத்துல வேற என்னெல்லாம் உனக்குக் கிடைக்காம போச்சு?"

ஐயா, ராத்திரி சாப்பாட்டின்போது அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை கடைசி நேரம். நீங்கள் ஏரியில். வில்மா தன் கைப்படத் திருத்திய கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார். நேற்றுத் தபாலில் எனக்கு ஒரு பிரதி வந்தது. 'இருபத்திரண்டு வருடம்' என்பது அடிக்கப்பட்டு, 'பத்தொன்பது. முதல் மூன்று வருடம் விளம்பரப் பிரிவு' என்று இருக்கிறது. 'இப்படி ஒருவரைக் கண்டதில்லை' என்பதற்குக் கீழே, 'கண்டதுண்டு. பெயர்கள் கேட்டால் தரப்படும்.' மாவட்டத்தை உலுக்கிய கட்டுரைக்கு, 'வந்த வாசகர் கடிதங்கள் நான்கு. அவற்றில் ஒன்று, படத்திலிருந்த நாய் யாருடையது என விசாரிப்பது.' கடைசியாக, 'காலக்கெடு ஒருமுறை தவறியது, இரண்டு நாள். காரணம் தந்தையின் மரணம். இறுதிச் சடங்கு இல்லத்தில் கேட்டு உறுதி செய்யப்பட்டது.'

அதைப் படித்ததும் வில்மாவைக் கூப்பிட்டேன். "எங்கப்பா செத்தது எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "உனக்குத் தெரியும் மார்லா. எனக்குத் தெரியாதே" என்றார். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவள் நான்.

இப்போது சொல்லுங்கள். நான் பொய் சொன்னேனா? அப்பா இறந்ததற்காகத் தாமதமானதைத் தாமதம் என்று நான் கணக்கில் வைக்கவில்லை. யார் வைப்பார்கள்? வேலை போகிற நிலை, வீட்டில் பேச்சில்லை, ஊர் முழுக்க அனுதாபம். படிப்பு என்கிற ஒரு கதவுதான் பாக்கி இருந்தது, அதிலும் ஆணி அடித்தாயிற்று. அடுத்தவர்கள் ஆகாயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கையில் நான் நாய்ப் படத்தோடு போய் நிற்கிறேன். கடிதத்தை மாற்றிக் கொடுக்க வருகிற வெள்ளிக்கிழமை வரை நேரம் உண்டு என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே அதற்குள் நான் முதலில் எழுதிய கடிதத்தை, ஒரு எழுத்துக் குறையாமல், மஞ்சள் தட்டில் வைக்காமல், நீங்களே அனுப்பி வைக்க வேண்டும். அடுத்த இதழுக்குக் கேட்டிருந்த, உறைந்த ஏரிமேல் வண்டி ஓடும் பனிக்கட்டிச் சாலை பற்றிய கட்டுரையை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். வில்மாவிடமே கேளுங்கள். அதில் ஒரு பிழையும் இருக்காது, ஒரு உயிரும் இருக்காது.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை. மீன் நிறையக் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். எத்தனை என்பதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
மார்லா நூட்சன்

பி.கு.: இதை உறையில் போடும்போது கர்ட் வில்மாவின் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தான். "பின்பக்கம் படிச்சியா?" என்றான். என்ன பின்பக்கம் என்றேன். திருப்பிக் காட்டினான்.

கடிதத்தின் தொடர்ச்சி வில்மாவின் கையெழுத்தில் அதிலும் இருந்தது. 'யாரும் கேட்காத ஒன்றையும் பார்த்தேன். நூட்சன் தம் பதினொரு கட்டுரைகளுக்காக முப்பத்தேழு பேரிடம் பேசியிருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் அத்தனை பேரையும் நான் கூப்பிட்டிருக்கிறேன். தாங்கள் சொன்னதை நூட்சன் மாற்றிவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருவர் தாங்கள் சொன்னதற்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். இந்த இதழில் வேறு எவரைப் பற்றியும் என்னால் இதை எழுத முடியாது, ஆசிரியர் உட்பட. தாமதமான அந்த ஒரு கட்டுரை அடக்கத்துக்கு முந்தைய நாள் மாலை வந்து சேர்ந்தது. அதிலும் பிழை இல்லை.'

அந்தக் கட்டுரையை எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று எனக்கு நினைவே இல்லை. கர்ட்டுக்கு இருந்தது. "உங்கப்பாவோட வண்டியில. ஹீட்டரைப் போட்டுக்கிட்டு" என்றான். பிறகு, "செப்டம்பர்னா எத்தனாம் தேதி?" என்று கேட்டான்.

ஆகவே வேறு கடிதம் அனுப்ப வேண்டாம். போனது போனபடியே இருக்கட்டும். இடம் கிடைத்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் என் கடிதம். பனிக்கட்டிச் சாலைக் கட்டுரை வியாழக்கிழமை வந்துவிடும். இதைக் கிழித்துவிடலாம்தான், காலையிலிருந்து உட்கார்ந்து எழுதியது, மனம் வரவில்லை. ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். நேற்று போனில் நான் திட்டிய திட்டையெல்லாம் வில்மா தேதி, நேரத்தோடு குறித்து வைத்திருப்பார். அதை வாபஸ் வாங்க வழி உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.