நடக்காத கூட்டத்தில் விழுந்த கைதட்டல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் நெடுநாள் வாசகனும், தங்கள் அக்காவைக் கட்டியவனும், குடிநீர் வாரியத்தில் குழாய்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமில்லை. தாங்கள் நலமாக இருப்பது தங்கள் பத்திரிகையைப் பிரித்தாலே தெரிகிறது.

சனிக்கிழமை மாலை நூலக மண்டபத்தில் மூன்று நிகழ்ச்சிகள் இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். முதலில் 'நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் வரலாறு' என்று என் உரை. அடுத்து வயலின் டீச்சரின் கச்சேரி. கடைசியாக, 'கண்ணால் கண்டதை எழுதுவது எப்படி' என்று தாங்களே நடத்தும் பத்திரிகைப் பயிற்சி. 'வரும் நிகழ்ச்சிகள்' பகுதியில் போடச் சொல்லித்தான் குறிப்பு கொடுத்தேன். முந்தின நாள் வெள்ளிக்கிழமையே பார்த்தால் 'நடந்த நிகழ்ச்சிகள்' பகுதியில் வந்திருக்கிறது. மண்டபம் நிரம்பி வழிந்ததாம். தொட்டி விரிசல் விட்ட கதையை நான் சொன்னபோது பலர் கண் கலங்கினார்களாம். போன் செய்து கேட்டேன். "கூட்டம் முடிஞ்சதும் எழுத நேரமிருக்காதுன்னு முன்னாடியே எழுதி வெச்சேன் அத்தான். பக்கத்துல கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு, அச்சுக்குப் போயிடுச்சு" என்றீர்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் அதற்குக் கல்யாணமே செய்து வைத்துவிட்டீர்கள்.

வயலின் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அந்தம்மா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் வாசிக்காததையே இவ்வளவு நல்லா வாசிச்சேன்னு போட்டிருக்காங்க சார். இனிமே வாசிச்சா இருக்கிற பேரும் போயிடும்" என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனால் அங்கேயும் பூட்டு. "அதான் முடிஞ்சு போச்சே சார்" என்கிறார் காவலாளி. பேசப்போகிறவனே நான்தானய்யா, இன்னும் வாயையே திறக்கவில்லை என்றேன். "பேப்பர்ல தப்பாவா போடுவாங்க? நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, நல்லா பேசினீங்களாம்" என்று கேட்டைச் சாத்திவிட்டார். உன் அக்காவிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னேன். "என் தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும். நீங்கதான் பேசிட்டு மறந்திருப்பீங்க" என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நம் சம்பந்தியை உனக்குத் தெரியாதா? அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவனுக்கு மூச்சு விடத்தான் அனுமதி. என் பெண்ணை அவர் வீட்டில் கொடுத்த நாள் முதல் அவர் முன்னால் நான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததில்லை. மேடையில் மைக் என் கையில் இருக்கும், அவர் கீழே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றுதானே இத்தனை பாடுபட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வயிறு எரிகிறதடா.

இதில் பெரிய கூத்து, பூட்டிய மண்டபத்து வாசலில் நான் இருட்டும்வரை நின்றிருந்தேன், பயிற்சி நடத்த வேண்டிய நீயும் வரவில்லை. நீ எழுதியதை நீயே நம்பிவிட்டாய். ஆகவே, அந்தக் கூட்டம் நடக்கவேயில்லை என்று அடுத்த இதழில் முதல் பக்கத்தில் மறுப்பு வரவேண்டும். வராவிட்டால் அத்தான், மச்சான் என்று இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

உன் மனைவிக்கு என் ஆசிகள். குழந்தைகள் படிப்பிலும் குணத்திலும் தாயைப் போல் விளங்கட்டும். உனக்கான ஆசி மறுப்பைப் பார்த்த பிறகு.

இப்படிக்கு,
இன்னும் பேசாத பேச்சாளன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தி போன் செய்தார். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். தொட்டி விரிசல் விட்ட இடத்தில் தனக்கும் கண் கலங்கிவிட்டதாம். "அடுத்து எப்பங்க பேசறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சும்மா இருந்தார். நான் ஒரு முழு வாக்கியம் பேசினேனடா. மறுப்பு எதுவும் வேண்டாம். அடுத்த மாதம் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அந்தச் செய்தியையும் இப்போதே எழுதி அனுப்பு. எந்த இடத்தில் கண் கலங்குவார்கள் என்று முன்பே தெரிந்தால் அங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன்.