கொலுக் குளமும் கொசுக்காவும்

சனத்நகரில் ஒரு கொசு பிறந்தால், அதைப் பெற்ற கொசுவுக்கு முன்னால் கொசுக்காவுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அபார்ட்மென்டில் கீழ் வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம், மூன்று தலைமுறையாக ஹைதராபாத். தமிழ்தான் பேசுவார், வேண்டாம் என்பதை மட்டும் ‘நக்கோ’ என்பார். நாள் பூராவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

கோடையில் வீடு வீடாக ஏறி ஏர்கூலர் தண்ணீரைக் கொட்டவைப்பார். மழை வந்தால் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எதுவும் தப்பாது. குளிர்காலத்தில் பொழுது சாயும் முன்பே கீழே நின்றுகொண்டு, ஜன்னலைச் சாத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார். ஒருமுறை, கொசுப்புழு தின்னும் குட்டி மீன்களை மொட்டைமாடி டேங்கில் விட்டார். அதில் ஒன்று குழாய் வழியே இறங்கி, மேல்மாடி சுத்த சைவக் குடும்பத்தின் பக்கெட்டில் நீந்தியது. பாவம், அவர்கள் ஒரு வாரம் கேன் தண்ணீர் வாங்கிக் குளித்தார்கள்.

அந்த வருஷம் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சுருள், கிரீம், லிக்விட் என்று கடையையே தூக்கிவந்தார். ஆனாலும் பட்டப்பகலில் கடித்தது. நவராத்திரி முடியும் சமயத்தில் கடி இன்னும் கூடியது.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானமே கொசுக்கா சுண்டலுக்கு வந்தார். பொம்மை ஒன்றையும் பார்க்கவில்லை. கொலுவுக்கு முன்னால் நான் ஆசை ஆசையாய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த குளத்தில் டார்ச் அடித்தார். விஜயதசமி முடியும்வரை கொலுவைக் கலைக்கக் கூடாதே என்று அந்தத் தண்ணீரை நான் மாற்றவே இல்லை. உள்ளே புழுக்கள் கும்மி அடித்துக்கொண்டிருந்தன.

“இது குளம் இல்லம்மா, பிரசவ ஆஸ்பத்திரி” என்றார்.

நான் அழுதுவிட்டேன். கலைத்தால் குழந்தைக்கு ஆகாதோ என்று வேறு உளறினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. தண்ணீரை மொட்டைமாடி வெயிலில் கொட்டிவிட்டு வந்து, தன் வீட்டுக் கண்ணாடியைக் குளத்தின் இடத்தில் வைத்து, பிளாஸ்டிக் வாத்துகளையும் அதன்மேல் நிறுத்தினார். அதற்கப்புறம் பிரசவம் வரை தினமும் வந்து, என் கை கால்களில் தடிப்பு இருக்கிறதா என்று தேடினார். காய்ச்சல் எதுவும் வரவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

தொட்டிலுக்குத் தானே தைத்த கொசுவலையோடு குழந்தையைப் பார்க்க வந்தவர், அதைக் கட்டிவிட்டு வலைக்கு வெளியே நின்றே கொஞ்சினார். எடுத்துக்கோங்க அக்கா என்றேன்.

“நக்கோம்மா. வலையைத் தூக்கினா ஒண்ணு உள்ளே பூந்துடும்.”

நான்தான் பிடிவாதமாக எடுத்து அவர் மடியில் போட்டேன். எங்கள் எல்லார் வீட்டையும் அதட்டிய அந்த மனுஷி, மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அப்படியே தூங்கிப்போனாள். அப்போது பார்த்து அவர் முழங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நான் கையை ஓங்கினேன்.

“அடிக்காதே” என்று கிசுகிசுத்தார். “பாப்பா முழிச்சுக்கும்.”

வயிறு சிவக்கக் குடித்துவிட்டு அது பறந்து போகும்வரை, எங்கள் கொசுக்கா கையை அசைக்கவே இல்லை.