எக்ஸுக்கு வராத கணக்கு

கணக்குப் பாடத்துக்கு எக்ஸ் செய்த கொடுமையைக் காஞ்சிபுரத்தில் வேறு எவரும் செய்ததில்லை. நான் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் அவரும் ஒரு விற்பனையாளர். நாற்பத்தைந்து வயது. எதைக் கேட்டாலும் "அத்த எக்ஸ்னு வச்சிக்குவோம்" என்று ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர்.

பத்தாவதில் கணக்கு மட்டும் ஃபெயில். அதைத் தனித்தேர்வில் எழுதி எழுதித் தோற்றுக்கொண்டிருந்தார். செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டுக் காரணிப்படுத்துவார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வருவார். சமன்பாட்டில் மைனஸ் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் ப்ளஸ் ஆகும் என்பது ஊருக்கே தெரியும். எக்ஸிடம் மட்டும் அது போகிற வழியில் தொலைந்துவிடும்.

ஒருநாள் முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. எக்ஸ் புடவையை விரிக்காமல், உங்க வயசையும் பொண்ணு வயசையும் கூட்டினா எவ்வளவு, கழிச்சா எவ்வளவு என்று பெண்ணின் அம்மாவைக் கேட்டார். அந்த அம்மாளும் வெள்ளந்தியாக எழுபது, இருபத்துநாலு என்று சொல்லிவிட்டார். எக்ஸ் பில் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்துத் தலை நிமிர்ந்தார்.

"உங்களுக்கு இருபத்திமூணுமா. பொண்ணுக்கு நாப்பத்தேழு."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை மறுபடியும் ஒருமுறை உற்றுப் பார்த்தார். பெண் எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே குடும்பமும் போனது. கணக்கா, வேலையா, ஒன்றை முடிவு பண்ணிக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்கும் இந்த மனிதர், வழிமுறைக்கு மார்க் உண்டு என்றார்.

போன தேர்வில் இன்னும் மோசம். நரைத்த தலையும் இஸ்திரி சட்டையுமாக அறைக்குள் நுழைந்ததும், மேற்பார்வையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். இவரும் கையமர்த்தி உட்காரச் சொல்லியிருக்கிறார். உண்மையான மேற்பார்வையாளர் வந்துதான் இவரை உட்காரவைத்தார். அதிலும் ஃபெயில்.

இந்த வயதில் யார் கேட்டார்கள் இதை, விட்டுத் தொலையுங்கள் என்று டீக்கடையில் சொன்னேன். எக்ஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மத்ததுல எல்லாம் பாஸுபா. இது ஒண்ணுதான் என்னப் பாத்து சிரிச்சிக்கினே இருக்குது."

மறுபடியும் எழுதப் பணம் கட்டினார். தேர்வன்று லீவு கேட்டபோது முதலாளி திட்டினார். திட்டிவிட்டு, தன் வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நல்ல முகூர்த்த சீசன், கடை நிறையக் கூட்டம். எக்ஸைத் தேர்வு நடந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வேறு வேலை இல்லாதவனைப் போல் அதன் வாசலில் வெயிலில் நின்றேன்.

எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, கடைசியாக எக்ஸ் வந்தார். விரலெல்லாம் மை. எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. "சாப்டியாபா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். இருவரும் போய்ச் சாப்பிட்டோம்.