தலைக்கு மேலே கொஞ்சம் இடம்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் இவளும் பெரியவனும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா என்று தெரிவிக்கவும்.

பெரியவனுக்குப் பெண் பேசப் போன இடத்தில் நான் வாயே திறக்காமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன், பெண் வீட்டார் மனம் நொந்து போனார்கள் என்று உங்கள் காதுக்கு வந்து, "அவனுக்கு இந்த வயசுல என்ன திமிரு?" என்று நீங்கள் போனில் பெரியவனிடம் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைப் போனில் சொல்லும் நிலையில் நான் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு, வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த உங்கள் அனுபவத்தைக் கொண்டு விமானக் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் தயார் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு இதுதான் முதல் விமானப் பயணம் என்பது உங்களுக்குத் தெரியும். சோதனை வரிசையில் நிற்கும்போது இவள் என் காதோரம், "என்னங்க, உங்க பல் செட்டுல கம்பி இருக்கே, மிஷின் கத்துச்சுன்னா எல்லார் முன்னாடியும் வாயத் திறக்கச் சொல்லுவாங்க" என்றாள். உடனே கழிவறைக்குப் போய் மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, ஒரு சோப்பு டப்பாவில் போட்டு, கைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். மிஷின் கத்தவில்லை. இறங்குவதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விமானத்துக்குள் ஏறினால், அண்ணா, டிராபிக் போலீஸாக நான் இத்தனை வருடம் நின்ற நாற்சந்தியில்கூட அப்படி ஒரு நெரிசலைப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே பெட்டி வைக்கிற தட்டில் ஒருவர் தன் சக்கரப் பெட்டியை அகலவாட்டில் கிடத்தியிருந்தார். இன்னொருவர் தன் கோட்டை மடித்து, தூங்கும் குழந்தையைப் போல அதற்கு ஒரு தனி இடம் கொடுத்திருந்தார். பின்வரிசைக்காரர் ஒருவர் முன்வரிசையிலேயே பையைத் திணித்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போனார். முன்வரிசைக்காரர் இடம் தேடிப் பின்னால் போய், அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வர வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒருவர் முழங்கை இன்னொருவர் மூக்கில். பின்னால் வாசல் வரைக்கும் ஜனம்.

இந்த நெரிசலுக்கு நடுவே ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பணிப்பெண் அவளிடம், "மேல இடம் இல்ல மேடம். இதக் கீழ லக்கேஜ்ல போட்டுடலாம்" என்றாள்.

"வேண்டாங்க. போன தடவ கீழ போட்டுத்தான் காணாமப் போச்சு. எங்க வீட்டுக்காரரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"அவர் ஒத்தக் கால்ல நின்னா நாங்க என்ன மேடம் பண்றது? அடம் புடிச்சா எப்படி?"

அந்தப் பெண் பெட்டியை ஓர் இருக்கையின் மேல் வைத்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே, துணியில் சுற்றியபடி, முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற செயற்கைக் கால் ஒன்று இருந்தது. சாக்ஸ்கூடப் போட்டிருந்தது. பணிப்பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது.

அண்ணா, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. தானாக எழுந்துவிட்டது. நடைபாதையில் நின்று வலது கையால் பின்வரிசையை நிறுத்தினேன், இடது கையால் முன்வரிசையை உட்காரச் சொன்னேன். என்ன ஆச்சரியம், உட்கார்ந்தார்கள்! ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, சக்கரம் உள்ளே போகும்படி, ஒருக்களித்து நிறுத்தச் சொன்னேன். கோட்டுக்காரர் தன் கோட்டைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் தோள்பையைக் காலடியில் வைக்க மாட்டேன் என்றார்.

"நான் முதல்ல வந்தேன் சார், முதல்ல வச்சேன்."

"முதல்ல வந்த வண்டிங்கறதுக்காக நடுரோட்டுல நிறுத்திட்டுப் போக முடியுமா சார்?" என்றேன். பல் இல்லாத வாய் என்பதால் பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டார்.

அப்படியும் ஒரு பெட்டிக்கான இடம் போதவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டுவிட்டு என் பெட்டியை மட்டும் மேலே வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? "என்னோடதக் கீழ போட்டுடுங்கம்மா" என்றேன். இவள், "என்னங்க, அதுல..." என்று ஆரம்பித்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். மருந்து மாத்திரை இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் பணிப்பெண். பெட்டியைத் திறந்து, இரண்டு சட்டையை வெளியே எடுத்துப் போட்டு, பிரஷர் மாத்திரையைத் தேடி எடுத்துக்கொண்டு, சட்டைகளை உள்ளே அள்ளிப்போட்டு அவசரமாகக் கொடுத்துவிட்டேன். கால் மேலே ஏறியது. அந்தப் பெண் கும்பிட்டாள். யாரோ கைதட்டினார்கள். விமானம் பறந்து நெடுநேரம் கழித்து, "பல்லு?" என்றாள் இவள்.

இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லை. எல்லாருடைய பெட்டியும் வந்தது. ரப்பர் பட்டை காலியாகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் நின்றே போனது. கவுண்டரில் இருந்த இளைஞர், "உள்ள என்ன சார் இருந்துச்சு?" என்றார். "பல்" என்றேன். பேனாவை நிறுத்தி, "யாரோடது சார்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே பெண் வீடு. பெரியவன், "சொல்லிடலாம்பா, அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்றான். நான் கூடாது என்றுவிட்டேன். சம்பந்தம் பேசுகிற முதல் நாளே பொக்கை வாயைக் காட்டுவதா? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா பேக்கரிக்காரர் என்று முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷர் காலையிலிருந்து நின்று, தன் கையாலேயே பாதாம் பிஸ்கட் சுட்டு, தட்டை என் முன்னால் நீட்டினார். ஒவ்வொன்றும் செங்கல். நான் கையைக் காட்டினேன். நாற்சந்தியில் லாரியை நிறுத்துகிற அதே கை. அவர் மறுபடி நீட்டினார். நான் மறுபடி நிறுத்தினேன்.

"எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்றார். பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பெரியவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் சம்மதத்துக்காகக் காத்திருந்த பிள்ளை அவன்.

அப்போது அந்தப் பெண்ணே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, என்னப் புடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க. அப்பாவ இப்படி நிக்க வைக்காதீங்க."

இதற்கு மேல் எப்படி அண்ணா வாயை மூடிக்கொண்டிருப்பது? "ரொம்பப் புடிச்சிருக்கும்மா" என்றேன். வார்த்தையோடு காற்றும் கொஞ்சம் எச்சிலும் வந்தன. அவள் என் வாயைப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இவள் முழுக் கதையையும் அவர்களிடம் சொன்னாள். பேக்கரிக்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்து, நன்றாக ஊறவிட்டு, கரண்டியோடு என் கையில் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சம்பந்தம் முடிவாகிவிட்டது; உங்கள் காதுக்கு வந்தது முன்பாதி மட்டும்தான்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நோட்டீசில் கண்டிப்பான வாசகங்கள் இருக்கட்டும். என் பெட்டியையும் அதிலுள்ள பல்லையும் உடனே ஒப்படைக்க வேண்டும். மேல்தட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று வெள்ளைக் கோடு போட வேண்டும். என்னைப் பொறுத்தவரை, இனி விமானத்தில் யார் வந்து நின்றாலும் ஒரு விரற்கடை இடம் விடுவதாக இல்லை. கஞ்சி குடித்துக் குடித்து உடம்பு இளைத்துவிட்டது.

அண்ணிக்கு எங்கள் நமஸ்காரம். கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் முன்னதாகவே வந்திருந்து, பெரியவர்களாக நின்று நடத்திக்கொடுக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பெட்டி வந்து சேர்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தும் காலி சோப்பு டப்பாதான் விழுந்தது; பல் இல்லை. அந்தச் சமயத்தில் போன் வந்தது. பேசியது, இறங்கும்போது இவளிடம் நம்பர் வாங்கிக்கொண்டு போன அந்தக் கால்காரப் பெண். "புதுக் கால் கடிக்குதுன்னு எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. புதுச் செருப்பு மாதிரி போகப் போகச் சரியாயிடும்னேன். இன்னைக்குக் காலக் கழட்டி உள்ள கைய விட்டா, மேல் வரிசையும் கீழ் வரிசையும் இருக்குங்க!" என்றாள். நான் சட்டையை எடுத்துப் போட்டது அவளுடைய திறந்திருந்த அட்டைப்பெட்டி மேல்தானாம்; சட்டையோடு வந்த சோப்பு டப்பா மூடி திறந்து, பல் மட்டும் காலுக்குள் வழுக்கியிருக்கிறது. ஆகவே விமானக் கம்பெனிக்கு நோட்டீஸ் வேண்டாம். பல்லைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். அவள் கணவர் போனை வாங்கி, "அதெல்லாம் முடியாதுங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து உங்க வீட்டுக்கு நானே நடந்து வந்து தரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தெருமுனையில் போக்குவரத்தை நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறேன்.