கைப்பட எழுதவும்

"எங்க பட்டதாரிய ஏன் சார் திருப்பி அனுப்புறீங்க?"

பல்கலைக்கழகக் குமாஸ்தா போனில் இப்படிக் கேட்டதும், திரைச்சீலைக் கடை மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நான் எப்பங்க அனுப்பினேன்?"

"ஆறு மாசப் பயிற்சி முடிஞ்ச பொண்ணைப் பத்தி உங்க கருத்தைக் கேட்டிருந்தோம். 'திருப்பி'ன்னு எழுதியிருக்கீங்க."

"அது 'திருப்தி'ங்க."

"நாங்க நாலு பேர் படிச்சோம். நாலு பேருக்கும் 'திருப்பி'தான். இன்னைக்கு நாலு மணிக்குள்ள வேற எழுதி அனுப்புங்க. இல்லைன்னா பொண்ணுக்கு வேலை ரத்து."

"டைப் பண்ணி அனுப்பட்டுமா?"

"கைப்பட எழுதணும் சார். போன வருஷம் ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே டைப் பண்ணி, 'இவர் இல்லாமல் எங்களுக்கு மூச்சு முட்டும்'னு அனுப்பிட்டார்."

மேலாளர் மெல்ல உட்கார்ந்தார். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து சீட்டில் குறித்து வருவது அவர் வேலை. அவர் எழுத்தில் ஏழும் ஒன்றும் ஒட்டிப் பிறந்தவை. ஒரு தடவை ஏழடி ஜன்னலுக்கு ஓரடித் திரை போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டம்மா அதையே கைக்குட்டையாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் அவரைத் திட்டினார்.

அந்தப் பெண் வந்தபின் எல்லாம் மாறியது. மாலையில் அவர் சீட்டுகளை அவளிடம் கொடுப்பார். மறுநாள் பத்து மணிக்கு, முத்து முத்தாகப் பிரதி எடுத்த சீட்டுகள் கட்டிங் மாஸ்டர் மேஜையில் இருக்கும். ஆறு மாதத்தில் ஒரு பிழை இல்லை. வாடிக்கையாளர்கள்கூட, "உங்க கடைப் பொண்ணு காலையில போன் பண்ணி எவ்வளவு பொறுமையா விசாரிக்குது" என்பார்கள். நல்ல வளர்ப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் கையாலேயே கெடுதல் வந்தால் ஆண்டவன் முகத்தில் எப்படி விழிப்பது? அவளுக்குத் தெரியாமலேயே இதைச் சரிசெய்வது என்று தீர்மானித்தார்.

ஒரு தாளில் 'வேலைக்கு உகந்தவர்' என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. "'வேலைக்கு உதவாதவர்'னே எழுதிட்டீங்களே சார். திருப்பி அனுப்புறதோட விட்டிருக்கலாம்."

மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் ஓடினார்.

"உங்க எழுத்து சின்னதா இருந்தாத்தான் கோழி கிளறினாப்பல இருக்கும்," என்றார் மாஸ்டர். "துணியில கோடு போடுற சாக்பீஸை எடுங்க. துணியில பெருசா எழுதுங்க. ரெண்டே வார்த்தை. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிறேன்."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, கறுப்புத் துணியில் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முழ உயரத்துக்கு எழுதினார்: 'இவரை விடமாட்டோம்.'

"பிரமாதம்," என்றார் மாஸ்டர். "குருடனும் படிச்சிடுவான்."

அதன் படம் போய்ச் சேர்ந்ததும் குமாஸ்தாவின் குரல் நடுங்கியது. "தெளிவாப் புரியுது சார். அந்தப் பொண்ணு அப்படி என்ன தப்பு பண்ணிச்சு? கறுப்புத் துணியில எழுதி மிரட்டுற அளவுக்கு? எங்க அலுவலரம்மா நேர்லயே கிளம்பிட்டாங்க."

மூன்றே முக்காலுக்கு அலுவலரம்மா மூன்று சாட்சியங்களோடும் வந்து எதிரே உட்கார்ந்தார். மேலாளர் எழுந்து நின்று பேசினார்.

"அம்மா, என் எழுத்தை என் மனைவிக்கே படிக்கத் தெரியாது. சில நேரம் எனக்கே தெரியாது. இந்த உலகத்துல அதைப் படிக்கிற ஒரே ஆள் உங்க பட்டதாரிதான். அந்தத் திறமைக்கு உங்க படிவத்துல கட்டமே இல்லை. அவங்களை அனுப்ப மாட்டேன்."

அலுவலரம்மா முதல் படிவத்தை எடுத்து, அந்த ஒரு சொல் மட்டும் தெரியும்படி மடித்தார்.

"கூப்பிடுங்க. எங்க ஆபீஸ்ல நாலு பேர் இதைத் தப்பாப் படிச்சாங்க. அந்தப் பொண்ணு சரியாப் படிச்சுட்டா இங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

பெண் வந்தாள். "இது சார் எழுதினது. என்னன்னு படிச்சுச் சொல்லும்மா," என்றார் அலுவலரம்மா. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"ரெண்டு நிமிஷம் கொடுங்க," என்று சொல்லி, தாளோடு முன்னறையில் இருக்கும் தன் மேஜைக்குப் போனாள்.

மேலாளர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். கடிகாரத்தில் நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அவருடைய மேஜை போன் அடித்தது. ரிசீவர் அன்று மதியம்தான் கீழே விழுந்து உடைந்திருந்ததால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். முன்னறையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், நான்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

அலுவலரம்மா பேனா மூடியைத் திறந்தார்.

"உங்க எழுத்து எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்லை சார். தினமும் காலையில கஸ்டமருக்கே போன் பண்ணி, இன்னொரு தடவை அளந்து சொல்லச் சொல்லித்தான் எழுதிக்குவேன். இதை எழுதினது நீங்கங்கிறதால உங்களையே கேட்கிறேன். இது 'திருப்தி'யா, 'திருப்பி'யா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, சரியா எழுதிடறேன்."