கொடிக்கு ஒரு ரூம்

"கொடி ஏன்யா தொங்குது?"

பூசை ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஜீவரத்தினம் பீடத்தில் கடைசி மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டிருந்தான். கேட்டவர் வில்பிரட் சார். விமானப்படை ஸ்டோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பங்குப் பேரவைச் செயலாளர். அன்று 1986 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. சொந்தச் செலவில் வாங்கிய தேசியக் கொடியைப் பித்தளைத் தண்டில் மாட்டிக் கோயிலுக்குள் பீடத்தின் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அது ஈரத் துண்டு மாதிரித் தொங்கியது.

"காத்து இல்ல சார். உள்ளார எப்டி பறக்கும்?"

"பறக்கணும்யா. வெளியில நம்மளை என்ன பேசறான் தெரியுமா? வெள்ளைக்காரன் மதமாம். எவனாவது உள்ள எட்டிப் பார்த்தா நாம இந்தியன்னு தெரிய வேணாமா?"

ஜீவரத்தினம் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பல்லாவரம் மலையில் இருபது வருஷம் கல் உடைத்த கை. அதில் ஒரு விரலை வெடி கொண்டுபோயிருந்தது. அவன் அப்பன் உடைத்த கல் இந்தக் கோயிலுக்கே அஸ்திவாரமாகக் கிடக்கிறது. அந்தக் கையைப் பார்த்து இது எந்த நாட்டுக் கை என்று இதுவரை எவனும் கேட்டதில்லை.

விரல் போன பிறகுதான் கோயில்பிள்ளை வேலை கிடைத்தது. மணி அடிக்கணும், பெருக்கணும், மெழுகுவத்தி ஏற்றணும். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் ஓடு போட்ட ரூம் ஒன்று உண்டு. அவனும் அவன் பெண்டாட்டி பேபியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். ஒழுகாத ரூம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவன் எல்லாருக்கும் தலையாட்டினான்.

வில்பிரட் சார் வீட்டிலிருந்து டேபிள் பேன் வந்தது. ஸ்விட்சைப் போட்டதும் கொடி பறந்தது. ஆறு மெழுகுவத்தியும் அணைந்தன. பாதர் திறந்து வைத்த புத்தகம் தானாக ஈஸ்டர் பக்கத்துக்குப் புரண்டது. அவர் கவனிக்காமல் வாசித்துவிட, ஜனவரி மாதத்திலேயே ஆண்டவர் உயிர்த்தெழுந்துவிட்டார்.

பேன் திரும்பிப் போனது. கோயில் துணிகளையெல்லாம் துவைப்பவள் பேபி என்பதால் அடுத்த வேலை அவள் தலையில் விழுந்தது.

"புடவைக்குக் கொசுவம் வைப்பே இல்ல? அது மாதிரி மடிப்பு வெச்சு ஊக்கு குத்து. மூணு கலரும் தெரியணும்."

பேபி குத்தினாள். "சக்கரம் உள்ள பூடுச்சு சார்."

"பரவாயில்லை. கலர் தெரியுதில்ல, போதும்."

அன்றிலிருந்து வில்பிரட் சார் உள்ளே வரும்போது பீடத்து நற்கருணைப் பேழையைப் பார்த்து ஒரு முழங்கால், கொடியைப் பார்த்து ஒரு சல்யூட் என்று வழக்கப்படுத்திக்கொண்டார். மடிப்பு கலைந்தால் கத்துவார் என்று பேபி தினமும் பிரித்து, திரும்ப மடித்துக் குத்தினாள். வேறு யாரும் கொடித் துணியைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

எலியேசர் வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"சர்க்காருக்குக் கோயிலுக்குள்ள என்ன சார் வேலை? இங்க சிலுவை ஒண்ணுதான் கொடி."

"அப்போ நாடு பெரிசில்லையா உங்களுக்கு?"

"சாமிக்கு முன்னால எதுவும் பெரிசில்லை."

"இதைக் கொஞ்சம் வெளியில போய்ச் சொல்லுங்களேன் பார்ப்போம்!"

பாதர் வழக்கம்போல, "ரெண்டு பேரும் சொல்றது சரி" என்றார். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஜீவரத்தினத்துக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது.

வில்பிரட் சாரிடம் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. பேசுகிறவருக்கு வலப்பக்கம்தான் கொடி நிற்கணும் என்றார். அங்கே சூசையப்பர் சுரூபம் நின்றது. ஆளுயரச் சுரூபம், கையில் தச்சுளி. ஜீவரத்தினம் இடுப்பு ஒடியத் தூக்கி அதை வெளி வராந்தாவில் வைத்தான். அடுத்த வாரம் எலியேசர் வாத்தியார், "எது வலது? முன்னே பாதர் பீடத்தைப் பார்த்து நின்னார், இப்போ ஜனங்களைப் பார்த்து நிக்கறார். அந்த வலது வேற, இந்த வலது வேற" என்றார். கொடி இடப்பக்கம் போனது. மறு வாரம் திரும்ப வலப்பக்கம் வந்தது. சூசையப்பரை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"அவரும் உன்ன மாரி வேலக்காரருதானே. அதான் வெளிய நிறுத்திக்கிறாங்க" என்றாள் பேபி.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. கூடவே புத்தகத்திலிருந்து இன்னொரு சட்டமும் வந்தது. பொழுது சாய்ந்தால் கொடியை இறக்கிவிடணும். சாயங்காலப் பூசை ஆறு மணிக்கு. சூரியன் சாய்வது ஆறே காலுக்கு. பாதர் அப்பத்தை உயர்த்துகிற நேரமும் அதேதான். ஜனங்கள் முழங்காலில் தலை குனிந்திருந்தார்கள். ஜீவரத்தினம் ஒரு கையில் மணியும் ஒரு கையில் கொடித் தண்டுமாக நின்றான். கொடி இறங்குவதைப் பார்த்த வில்பிரட் சார் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார். பின்னால் இருந்தவர்கள் பூசை முடிந்துவிட்டது என்று எழுந்தார்கள். நாலு பேர் வாசலுக்குப் போய்ச் செருப்பே மாட்டிவிட்டார்கள்.

பாதர் பூசை முடிந்ததும் கூப்பிட்டுத் திட்டியது வில்பிரட் சாரை இல்லை, ஜீவரத்தினத்தை.

இறக்கிய கொடியை உடுப்பு அறை அலமாரியில், மெழுகுவத்திகளோடு வைக்கச் சொன்னார்கள். வில்பிரட் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜீவரத்தினத்துக்கும் பேபிக்கும் சட்டம் படித்தார். "கேட்டுக்குங்க. தரையில படக்கூடாது. சேறு சகதி ஆகக்கூடாது. கிழிஞ்சா, கெட்டுப்போனா குப்பையில போடக்கூடாது. யாரும் பார்க்காம, தனியா, மரியாதையா எரிச்சுடணும். அவமதிச்சா மூணு வருஷம் உள்ள."

பேபி துவைக்க எடுத்த அங்கிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

ஜூன் மாதம் வில்பிரட் சார் அலமாரியைத் திறந்தார். மெழுகுவத்திகளில் பாதி கொறிபட்டுப் போயிருந்தன.

"எலி! நாளைக்குக் கொடியைக் கடிச்சா யார் பதில் சொல்றது?"

அன்றைக்கே பேரவை கூடியது. கொடிக்குப் பூட்டுப் போட்ட தனி அறை வேண்டும், எலி வராத, ஒழுகாத அறை. கோயில் வளாகத்தில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஜீவரத்தினம் ரூம்" என்றார் வில்பிரட் சார்.

ஆறு மாதமாக அவர் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளாத எலியேசர் வாத்தியார் உடனே எழுந்தார். "இதைத்தானே நானும் கேட்டேன்? பூசை நேரம் போக மீதி நேரம் கோயிலுக்கு வெளியிலயே இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

அந்த வருஷம் பேரவையில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். எல்லாரும் கை தட்டினார்கள். பாதர், "பாருங்க, அன்பு இருந்தா எதையும் பேசித் தீர்த்துக்கலாம்" என்றார்.

வாசலில் பேபியோடு நின்று கேட்ட ஜீவரத்தினம் உள்ளே வந்தான். "இன்னா சார் நாயம் இது? துணி நனையக்கூடாது, என் வயசுக்கு வந்த பொண்ணுங்க நனையலாமா? அந்தக் கொடிய எலி கடிக்கக்கூடாது, எங்கள கடிக்கலாமா? அது இன்னா சட்டப் புஸ்தகம், அதுல என்ன பத்தி ஒரு வரி கூட இல்லியா?"

"கொடியோட உன்னைக் கம்பேர் பண்றியா? தேசத்துரோகம்யா இது!"

ஜீவரத்தினம் பேபியைப் பார்த்தான். ரேஷன் கடைக்காரனோடு தெருவே கூடுகிற மாதிரிச் சண்டை போடுகிறவள். அன்றைக்கோ கொடியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"வுடுய்யா. வா, ஜாமான எடு" என்றாள்.

"நீயா பேசற?"

"வுடுன்னா வுடு."

அவர்கள் வராந்தாவில், சூசையப்பர் பக்கத்தில் குடியேறினார்கள். தூணுக்கும் ஜன்னலுக்கும் கயிறு கட்டி, தார்ப்பாய் தொங்கவிட்டார்கள். ரூமில் கொடி மட்டும் இருந்தது. அதற்கு ஒரு ஸ்டூலும் போட்டிருந்தார்கள். சாவி வில்பிரட் சார் சட்டைப் பையில். காலையில் திறப்பார், பேபி மடிப்பு வைப்பாள், ஜீவரத்தினம் சுமப்பான். ஆடி மழையில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் போகவில்லை.

ஆகஸ்ட் 15. மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினம், இரண்டும் ஒரே நாள். முந்தின இரவு முழுக்க மழை. குடும்பமே தூங்கவில்லை. காலையில் கூட்டம் நெரிந்தது. பந்தோபஸ்துக்குத் தாம்பரத்திலிருந்து தசரதன் ஏட்டு வந்திருந்தார். வில்பிரட் சார் மெடல் குத்திய கோட்டில் வந்து ரூமைத் திறந்தார்.

"மார்ச் பண்ணி வா. தலை நிமிர்ந்து!"

ஜீவரத்தினம் தலை நிமிர்ந்து வந்தான். அதனால் தார்ப்பாய்க் கயிறு கண்ணில் படவில்லை. கால் மாட்டியது. அவன் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். கொடி வராந்தாவுக்குக் கீழே, முழங்கால் சேற்றில்.

யாரும் அவனைத் தூக்கவில்லை. எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள்.

"அரெஸ்ட் பண்ணுங்க ஏட்டு சார்!" வில்பிரட் சாருக்குக் குரல் கிழிந்தது. "வேணும்னே பண்ணான். ரூம் போன ஆத்திரம். தேசியக் கொடி அவமதிப்பு, மூணு வருஷம்! இந்த நிமிஷத்துலேர்ந்து வேலையும் கிடையாது!"

"கொடி உள்ள வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் எலியேசர் வாத்தியார்.

ஜீவரத்தினம் சேற்றோடு எழுந்து இரண்டு கையையும் நீட்டினான். "போடு ஏட்டய்யா வெலங்க! எத்தினி வருசம் வோணும்னாலும் போடு. ஜெயில்லயாவது தலைக்கு மேல கூர கீது! இந்தப் பொண்ணுங்களயும் சேத்துப் போடு!"

"கம்முனு இருய்யா" என்ற தசரதன், நோட்டை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கேஸ் என்றால் பொருளின் விவரம் எழுதியாகணும். கொடியை எடுத்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"மேல காவி. நடுவுல வெள்ள. கீழ பச்ச..." பென்சில் நின்றது. முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "சக்கரம் எங்கய்யா?"

வில்பிரட் சார் குனிந்தார். எலியேசர் வாத்தியாரும் குனிந்தார். வெள்ளையில் சக்கரமும் இல்லை, சக்கரம் இருந்த தடமும் இல்லை. ஏட்டு, பச்சைத் துணியின் ஓரத்தில் விரலை விட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்தார்.

"இன்னாயா இது, நாடா கோக்கற மடிப்பு மாரி கீது?"

பேபி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து, வில்பிரட் சாரிடம் கையை நீட்டினாள்.

"நெசக் கொடிய தவக்காலத்துலயே எலி கடிச்சு நாசம் பண்ணிடுச்சு, நீங்க படிச்ச மாரியே யாரும் பாக்காம மருவாதியா எரிச்சுட்டேன் சார்; இது வேளாங்கண்ணிக்குக் கட்டிகினு போன என் காவிப் பொடவ, பாதரோட கிழிஞ்ச அங்கி, கீழ என் பச்சப் பாவாட... என் துணிய வெக்கத்தான் அந்த ரூமுன்னா, சாவிய இப்டி குடுங்க."