கிறிசாந்தோ பெயரில் பேசுகிறோம்

பிழைக்க வந்தவர்கள் கூடுகிற எந்த நகரத்திலும் ஓர் இனத்தைப் பார்க்கலாம். புதிதாக வந்தவருக்குப் போன் வாங்கிக் கொடுக்கும் இனம். இவரை நீங்கள் தேடவே வேண்டாம். விமான நிலையத்தில் நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவரே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

பிலிப்பீன்ஸிலிருந்து கம்போடியாவின் நோம் பென்னுக்கு வந்து பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் எங்களுக்கு வாய்த்தவர் கிறிசாந்தோ அண்ணன். கணக்கு வாத்தியார். மனைவி நெனிதாவும் மகள் ஐரீனும் ஊரில், இலோயிலோவில். இங்கே அவருக்குக் குடும்பம் என்பது புதிதாக வந்து இறங்குகிறவர்கள்தான்.

வந்த உடனே நம் பாஸ்போர்ட் விசாவுக்காக அலுவலகத்துக்குப் போய்விடும். பாஸ்போர்ட் இல்லாமல் சிம் கிடைக்காது. போன் நம்பர் இல்லாமல் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அண்ணனோ, பொறுத்திருங்கள் என்று சொல்லத் தெரியாதவர். நம்மைக் கடைக்கு இழுத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இந்த ஊர்க் கெமர் மொழியில் அரைகுறையாகப் பேச ஆரம்பிப்பார். கடைப் பெண்கள் சிரிப்பார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்வார். பிறகு தன் பாஸ்போர்ட்டை நீட்டுவார். முடிந்தது காரியம்.

வீட்டு இணைய இணைப்பும் அப்படித்தான். கம்பி இழுக்க வந்தவருக்கு எங்கே துளை போட வேண்டும் என்று அவர்தான் சொல்வார். என் வீட்டுச் சுவரில் மூன்று துளைகள். ஒன்றில் கம்பி வருகிறது. மற்ற இரண்டும் அண்ணனின் முந்தைய கருத்துகள்.

இப்படியாக, எங்களில் பாதிப்பேர் போன் கம்பெனியைப் பொறுத்தவரை கிறிசாந்தோ. அவருடைய பிறந்தநாளன்று அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கி, "கிறிசாந்தோ அவர்களே, நீடூழி வாழ்க" என்று வாழ்த்தும். பாட்டு டீச்சர் மிலாக்ரோஸ் வந்து இறங்கியது பண்டிகை விடுமுறையில். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. அண்ணன் சற்றும் யோசிக்காமல் தன் போனிலிருந்த சிம்மையே உருவி அவளிடம் கொடுத்துவிட்டார். பிறகு தனக்கு ஒரு புது நம்பர் வாங்கி மனைவிக்கும் சொன்னார். அதனால் என்ன? நெனிதா பழைய நம்பருக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்வதைக் கடைசிவரை கேட்கிற ஆள், மிலாக்ரோஸ், அந்த நம்பரில்தான் கிடைத்தாள்.

இந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு புது விதி போட்டது. ஒரு பெயரில் மூன்று நம்பர்தான். எது வேண்டும் என்று வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மிகப் பழைய மூன்றை விட்டுவிட்டு மீதியைத் துண்டித்துவிடுவார்கள்.

அண்ணன் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் எங்கள் ஊர் அடோபோ கறி செய்து கொண்டுவந்தார், ஒருவர் கருவாடு, இன்னொருவர் அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. யாரையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. கம்பெனி மேனேஜர் நம்ம ஆள், பேசிக்கொள்ளலாம் என்றார். மேனேஜரை அவர் பார்த்ததே கிடையாது. எல்லாரும் போன பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "யாரைப் பாத்துடா தம்பி நீ வேணாம்னு சொல்றது?"

கெடு முடிந்த அன்று காலையில் எங்கள் போன்கள் செத்துக் கிடந்தன. அவருடையதும்தான். ஊரில் ஐரீனுக்கு அது பிரசவ வாரம்.

கடைக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி.

"இதுல உங்க நம்பர் எது சார்?"

"எல்லாமே என்னுதுதாம்மா."

"அப்ப இவங்கல்லாம் யாரு சார்?"

அவள் திரையைப் பார்த்துப் பட்டியலைப் படித்தாள். பிழைத்த மூன்றில் ஒன்று மணிலாவுக்கே திரும்பிப் போய்விட்டவருடையது. ஒன்று அதன் சொந்தக்காரர் கையிலிருந்து நழுவி மெகாங் ஆற்றுக்குள் போனது. மூன்றாவது அவருடைய பழைய நம்பர், இப்போது மிலாக்ரோஸுடையது. ஒன்றை ரத்து செய்தால் புதிதாக ஒன்று தரலாமாம். ஆனால் ரத்து செய்ய, அந்த நம்பரிலிருந்தே சம்மதம் வர வேண்டுமாம். ஆற்றுக்குள்ளிருந்து யார் சம்மதம் சொல்வது?

மிலாக்ரோஸின் நம்பரை அவர் கேட்கவே இல்லை. எங்களை உட்கார வைக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மிலாக்ரோஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "அண்ணே, நெனிதா அக்கா லைன்ல இருக்காங்க. ஐரீனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். கடையே காத்திருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"ஆஸ்பத்திரில சிக்னல் எப்படி இருக்கு?"

நெனிதாவின் குரல் எங்களுக்கே கேட்டது. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க போனை மிலாகிட்ட குடுங்க, அவகிட்ட விவரமாச் சொல்லணும்."

அவர் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக அவரவர் பாஸ்போர்ட்டை நீட்டி, அவரவர் பெயரில் நம்பர் வாங்கிக்கொண்டோம். விசா எல்லாருக்கும் எப்போதோ வந்துவிட்டது. போய் மாற்றிக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. இவ்வளவுதானா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அவர் பெயரில்தான் இடம் இல்லை. எனவே அவருக்கு நான் என் பெயரில் ஒரு நம்பர் வாங்கிக் கொடுத்தேன். சட்டப்படி அண்ணன் இப்போது நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சுகமாகவும் இருந்தது. என் பெயரில் இன்னும் ஓர் இடம் காலி. வியாழக்கிழமை விமானத்தில் செபுவிலிருந்து ஒரு விஞ்ஞான வாத்தியார் வருகிறார். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பதாக இருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த மனிதர் கவுன்டரில் திணறியபோது, "அடடா, வேற கிளைக்குப் போயிருக்கலாமே, நான் கூட இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பேனே" என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால் வியாழக்கிழமை வாருங்கள். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்.